வாசகர் தாளில் பதினேழாவது வரி

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துப்போன புத்தகத்தை யாரும் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது. பின்னட்டையின் உட்பக்கத்தில் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். படித்தவர் அதில் ஒரு வரி எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. முன்பு இருந்த நூலகர் கொண்டுவந்த சட்டம் இது. இது நல்லா இருக்குமா, அது நல்லா இருக்குமா என்று ஆளாளுக்கு வந்து அவர் உயிரை எடுத்ததில், ஒரு நாள் பொறுக்க முடியாமல் பசையும் தாளுமாக உட்கார்ந்துவிட்டாராம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், வழக்கம் போகவில்லை. வரி எழுதியிருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது இப்போது லைப்ரரியக்காவின் வேலை.

ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட லைப்ரரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் அம்மாவோடு இருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி ஒரு நாள் காலையில் வீட்டை விட்டுப் போனான். போனவன் போனவன்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

இப்படி இருக்கும்போது நூலகத்துக்கு அந்த நாவல் வந்து சேர்ந்தது. ஒரு சிற்றூர், ஒரு ஆறு, ஒரு பாலம். ஒரு இளைஞன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பாலம் வரை வந்ததற்குத் தடயம் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு அதிகாரி வந்து பழைய கோப்பைத் தூசி தட்டுகிறார். இவ்வளவும் பின்னட்டையிலேயே போட்டிருந்தது. இந்த ஊரிலும் ஒரு ஆறும் பாலமும் உண்டு. எந்த ஊரில்தான் இல்லை? ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது. இது நம்ம லைப்ரரியக்கா வீட்டுக் கதைதான், பேரை மட்டும் மாத்திட்டான் என்று ஒருவர் சொல்ல, ஒரே வாரத்தில் காத்திருப்போர் பட்டியல் இருபத்து மூன்றாக நீண்டுவிட்டது. எழுதியவர் இந்தப் பக்கமே வந்ததில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடியது.

அவள் அந்த நாவலைப் படிக்கவில்லை. வெந்த புண்ணில் வேல் எதற்கு என்று விட்டுவிட்டாள். ஆனால் வாசகர் தாளைப் படிக்காமல் இருக்க முடியாதே, அது வேலை. ஆகவே நாவலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அதைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று மட்டும் அவளுக்கு அத்துப்படியாகத் தெரிந்தது.

"சோறு தண்ணி மறந்து படித்தேன்" என்று முதல் வரி. "பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், டாக்டர்தான்" என்று இரண்டாவது. "டாக்டர் இல்லை, தூங்கிக்கொண்டே படித்திருக்கிறீர்கள்" என்று மூன்றாவது. கணக்கு டீச்சர் பெயர் போடவில்லை என்றாலும் ஊருக்கே தெரியும் எழுத்தில், "பக்கம் 40-இல் செவ்வாய், பக்கம் 63-இல் அதே நாள் வியாழன்" என்று குற்றம் பிடித்திருந்தார். கொலை வேண்டும் என்று ஆசையோடு எடுத்துப்போன மருந்துக்கடைக்காரர், "கடைசிவரை பிணமே வரவில்லை, இரண்டு நாள் வீண்" என்று சலித்துக்கொண்டார். அதற்கு அடுத்த வரியில் யாரோ, பிணம் வராததுதான் கதையின் அழகு என்று அவருக்குப் பாடம் எடுத்திருந்தார்கள்.

பன்னிரண்டாவது வரிதான் அவளைக் குத்தியது. "காணாமல் போனவனின் அக்கா பாத்திரம் ரொம்ப மிகை. இத்தனை வருஷம் யாராவது காத்திருப்பார்களா?"

அவள் அதன்மேல் முத்திரையைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

ஏனென்றால் அவளுடைய மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடந்தது. பெரிய நகரத்திலிருந்த தலைமை நூலகத்துக்கு அவளை உதவி நூலகராக வரச் சொல்லி அனுப்பிய கடிதம். இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். உண்மையான காரணத்தை எழுதினால் சிரிப்பார்கள். தம்பி என்றைக்காவது வந்து கதவைத் தட்டும்போது வேறு முகம் கதவைத் திறந்தால் என்ன செய்வான்? அதற்காகவே அவள் வீட்டையும் மாற்றவில்லை, போன் நம்பரையும் மாற்றவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு இடங்களை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளினாள், அந்த அடுத்த வருஷம் வராமலே போனது. இனி இந்த வாய்ப்பு தரப்படாது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, உன் இஷ்டம் என்றாள். சொல்லிவிட்டு அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தையல்காரம்மா அந்த நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். இவள் குடியிருக்கும் கட்டிடத்திலேயே கீழ்த் தளத்தில் மிஷின் போட்டிருப்பவர். நாலு வருடமாகத்தான் அங்கே இருக்கிறார். உறவு ஒன்றும் இல்லை என்றாலும் லைப்ரரியக்கா அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள், இருநூற்றுச் சொச்சம் பக்கத்தை ஒன்பதே நாளில் முடித்துவிட்டாரே என்று அவளுக்கு ஆச்சரியம். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு, துணியில் சாக்பீஸால் கோடு போடுகிற கவனத்தோடு, ஒரு வரி எழுதினார். ஜாக்கெட் ஒன்று அவசரம் என்று உடனே கிளம்பியும் போய்விட்டார்.

அவள் முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, தாளைப் பார்த்தாள். பதினேழாவது வரி.

"அந்தப் பையன் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு பஸ் ஏறுற இடத்துல அழுதுட்டேன். மத்தபடி சுமார்."

கையிலிருந்த முத்திரை அப்படியே நின்றது.

தம்பி போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவனுடைய வலது கால் செருப்பின் வார் அறுந்துபோனது. ஒரு சேஃப்டி பின் குடு அக்கா, குத்திக்கிறேன் என்று வந்து நின்றான். அவள் அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேற வேலை இல்லையா, நீயே தேடிக்கோ என்றாள். அவ்வளவுதான். அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. மறுநாள் அவனைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போனபோது, அணிந்திருந்தவை என்ற இடத்தில் ஏட்டையா கேட்கக் கேட்க இவள் சொன்னாள். நீலச் சட்டை, சாம்பல் நிற பேன்ட், பழுப்புச் செருப்பு. வார் அறுந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவன் சேஃப்டி பின் கேட்டதையும் சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் அவளையும் அவனையும் தவிர யாருக்கும் தெரியாத செருப்பு அது.

எவனோ ஒரு எழுத்தாளனுக்கு அது எப்படித் தெரிந்தது?

செருப்பு அறுவது ஊரில் நடக்காத காரியமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை. பட்டியலில் அடுத்த ஆள் ஏட்டையா. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, துப்பறியும் கதை என்றால் அவருக்குப் பசி தெரியாது. அவரிடம், புத்தகம் கிழிந்திருக்கிறது, ஒட்டிவிட்டுத் தருகிறேன் என்று பொய் சொன்னாள். சொல்லிவிட்டு, பதினோரு வருடமாகத் தொடாத சங்கதியை மேசைக்கு அடியில் மடியில் வைத்துப் பிரித்தாள்.

முதல் முப்பது பக்கத்தில் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். நாவலில் வரும் அக்கா ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறாள், நிலாவைப் பார்க்கிறாள், அழுகிறாள். இவளுக்கு வேலைவெட்டி ஒன்றும் கிடையாதா என்று இருந்தது. உண்மையில் ஒரு ஆள் காணாமல் போனால் நிலாவைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், போட்டோவை எட்டு காப்பி போட வேண்டும், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், லீவு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். பன்னிரண்டாவது வரி எழுதியவர் சொன்னது சரிதான், ரொம்ப மிகை. ஆனால் அவர் சொன்ன காரணம்தான் தப்பு.

அப்புறம் அவளால் கீழே வைக்க முடியவில்லை. புத்தகம் கேட்டு வந்தவர்களுக்கு எதையோ எடுத்துக் கொடுத்தாள். ஒரு பெரியவருக்குச் சமையல் குறிப்புப் புத்தகம் போய்விட்டது, அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போனார். இரண்டு பக்கம் படிப்பாள், எழுந்து ஜன்னல் வரை நடப்பாள், வந்து மறுபடி உட்காருவாள். செருப்பைத் தேடிப் பக்கங்களைத் தாண்டுவாள், எங்கே விட்டுவிட்டோமோ என்று பயந்து பின்னால் வருவாள். சாயங்காலம் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இருப்புக்கொள்ளவில்லை. அம்மா எதிரே இருக்க, அடுக்கிய பாத்திரங்களையே எடுத்துத் திரும்ப அடுக்கினாள். என்னடி தேடுற என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நாவல் முடிந்தது. செருப்பு இல்லை. நாவலில் அந்த இளைஞன் போட்டிருந்தது ஷூ, கயிறு கட்டுவதைக்கூட அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். பஸ்ஸும் இல்லை, அவன் போனது சைக்கிளில். அதைவிட ஒன்று. பக்கம் 188-இல் அந்த அதிகாரி கோப்பை மூடும்போது எழுதுகிற வாக்கியம்: "அவன் போனதை யாரும் பார்க்கவில்லை." நாவலின் மொத்த முடிச்சே அதுதான். பார்த்த ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தக் கதையே கிடையாது.

அப்படியானால் சித்தி எதைப் படித்துவிட்டு அழுதார்?

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் நேரே தையல் கடைக்குப் போனாள். சித்தி காஜா எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அந்தச் செருப்பு வருகிற இடம் எது, தாளில் பக்கம் குறிக்க வேண்டும் என்று, வந்த வழியெல்லாம் தயார் செய்த பொய்யைச் சொன்னாள்.

"பக்கம் எனக்கு எப்படிம்மா தெரியும்? படிச்சது உங்கம்மாதானே" என்றார் சித்தி. சொன்ன பிறகு ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு எல்லாம் வந்துவிட்டது. இவள் வேலைக்குக் கிளம்பியதும் தினமும் பத்து மணிக்கு அம்மா கீழே இறங்கி வந்துவிடுவாளாம். அம்மாவுக்குப் பேப்பரைக்கூட வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம். சித்திக்குக் கை மிஷினில், காது மட்டும் சும்மா இருக்கிறது. அம்மா படிப்பாள், சித்தி தைப்பார். இப்படியே ஏழெட்டுப் புத்தகம் முடித்திருக்கிறார்களாம். இந்த நாவலுக்குச் சித்தி பெயரைப் பட்டியலில் போடச் சொன்னதே அம்மாதானாம். பொண்ணுக்குத் தெரிய வேண்டாம், மனசு கஷ்டப்படுவா என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஒரே புத்தகத்தை மறைத்திருக்கிறார்கள்.

"அந்த இடம் எப்படி வரும் சித்தி? சொல்லுங்க."

கதை சொல்லக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது. சித்தி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"விடியக்காலை நேரம். அந்தம்மா துவைச்ச துணியைப் பிழிஞ்சு மாடி ஜன்னல் கம்பியில போட்டுட்டு இருக்கா. கீழ மகன் போறான். முந்தின நாள் அப்பன்காரன் அடிச்ச அடியில கன்னம் வீங்கிக் கிடக்கு. ஒரு செருப்பு கால்ல, அறுந்தது கையில. பஸ் வந்து நிக்குது. படியில கால வச்சுட்டு மேல பாக்கறான். ஒரு குரல் கொடுத்தா இறங்கிடுவான். இவ கொடுக்கல. ஈரத்துணியைப் பிடிச்ச கையாலயே போ, போன்னு காட்டுறா. பெத்தவ செய்யற காரியமாம்மா இது?" சித்திக்கு இப்போதும் மூச்சு வாங்கியது. "இவளெல்லாம் ஒரு அம்மாவான்னு உங்கம்மாகிட்டயே கேட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு அடுத்த பக்கம் போயிட்டாங்க. பாவம், உங்க தம்பி ஞாபகம் வந்திருக்கும்."

அவள் சரி சித்தி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தெருவுக்கு வந்ததும் கால் வீட்டுப் படியைப் பார்த்துத் திரும்பியது. மேலே போனால் என்ன பேசுவோம் என்று பயமாக இருந்தது. நூலகத்துக்கே திரும்பிப் போனாள்.

அன்று பிற்பகல் முழுக்க அவளுக்கு இருந்தது கோபம். வேறு எந்தப் பெயரும் அதற்குச் சரிப்படாது. இந்தப் பதினோரு வருடத்தில் மூன்று முறை அவள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போயிருக்கிறாள். அடையாளம் தெரியாத உடல், வயது இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள், வந்து பாருங்கள் என்று போன் வரும். அப்பா உயிரோடு இருக்கும்போது இரண்டு முறை, அவர் இறந்த பிறகு ஒரு முறை. துணியை விலக்கும்போது முதலில் காலைத்தான் பார்ப்பாள். அவன் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். துக்கத்தில் வாய் அடைத்திருக்கிறது என்று நினைத்து இவள்தான் அம்மாவைத் தேற்றுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தச் சோற்றைத் தினமும் தனக்கே போட்டிருக்கிறாள் அம்மா என்பது இப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். அம்மா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் உட்கார்ந்து, நாவலை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

"படிம்மா. சித்திக்குப் படிச்ச மாதிரியே."

அம்மா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு மகளுடைய முகத்தைப் பார்த்தாள். ஊசியைத் தலையணை உறையில் குத்தி வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேடாமலே பக்கம் 188-ஐத் திருப்பினாள். அவன் போனதை யாரும் பார்க்கவில்லை என்று அச்சில் இருந்ததைப் படித்தாள். அங்கே நிறுத்தினாள்.

"அப்புறம்?"

அப்புறம் அம்மா புத்தகத்தில் இல்லாததைப் படித்தாள். கண் பக்கத்தின் மேலேயே இருந்தது, ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது. விடியற்காலை, ஈரத்துணி, வீங்கிய கன்னம், அறுந்த செருப்பு, வந்து நின்ற பஸ். சித்தி சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. அந்த அம்மா என்றுதான் சொன்னாள், நான் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. மகளும் அப்படியே கேட்டாள்.

"அந்தம்மா ஏன் போன்னு காட்டினா?"

"இருந்தா அவங்கப்பா ஒரு நாள் அவனைக் கொன்னுருப்பார். இல்ல, இவன் அவரை ஏதாவது பண்ணியிருப்பான். ரெண்டு மாசம் எங்கேயாவது இருந்துட்டு வந்துருவான்னு நினைச்சா."

"அவங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமாவது அந்த அக்காகிட்ட ஏன் சொல்லல?"

அம்மா விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடியே புத்தகத்தை மூடினாள். தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகும்வரை ஜன்னலையே பார்த்தாள்.

"சொன்னா அவ காத்துக்கிட்டு இருக்க மாட்டா. அவன் பொழைச்சுக்கிட்டான்னு நினைச்சுத் தன் வழியப் பாத்துப் போயிருவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒருத்தனைத்தான் அனுப்ப முடிஞ்சது. ரெண்டு பேரையும் அனுப்ப முடியல."

இதற்கு மேல் அந்த அக்கா என்று பேச அவளால் முடியவில்லை.

"மூணு தடவை போனேன்மா. துணியை விலக்கி விலக்கிப் பாத்துட்டு வந்தேன்."

"தெரியும். நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த ஜன்னல்லயேதான் நிப்பேன். போன்னு கை காட்டினது நான்தானே. அவன் இல்லைன்னு நீ சொல்ற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காது. அன்னைக்குக் காலையில உயிரோட இருந்தான். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும், வேற எதுவும் தெரியாது. சத்தியம்."

அவளுக்கு அம்மாவை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, மடியில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. செருப்பு அறுந்ததையும், பின் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகியது.

அம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "பின்னா? அதையா இத்தனை வருஷம் சுமந்துக்கிட்டு இருந்த? அவன் அந்தச் செருப்பை எனக்கு ஆட்டிக் காட்டிச் சிரிச்சுட்டுத்தான்டி ஏறினான். போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லல. எனக்கு அதுதான் இன்னைக்கும் உறுத்துது."

மறுநாள் காலையில் அவள் நூலகத்துக்கு அரை நாள் லீவு சொன்னாள். அம்மாவும் அவளும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பழைய கோப்பைத் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியாகப் பார்த்தவர் என்ற இடத்தில் பதினோரு வருடமாக யாருமில்லை என்று இருந்ததை அடித்து, தாய் என்று எழுதினார்கள். காலை ஐந்தரை மணி, பஸ், ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டாள். இளம் அதிகாரி ஒருவர், இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பஸ் போன வழியெல்லாம் விசாரித்திருக்கலாமே என்றார். அம்மா ஆமாம் என்றாள். வெளியே வந்து இருவரும் ஒரு கடையில் டீ குடித்தார்கள்.

பிற்பகல் நூலகத்தில் இழுப்பறையைத் திறந்து, தலைமை நூலகத்துக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே. பிறகு அந்த நாவலை எடுத்தாள். படித்தவர் யாராக இருந்தாலும் ஒரு வரி எழுத வேண்டும், சட்டம் சட்டம்தான். வெகு நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பதினெட்டாவது வரியாக எழுதினாள்: "அவன் போனதை ஒருவர் பார்த்திருக்கிறார்." தனக்குத்தானே முத்திரை குத்திக்கொண்டு, புத்தகத்தை ஏட்டையாவுக்குச் சொல்லியனுப்பினாள்.

ஏட்டையா நாலே நாளில் திருப்பிக் கொடுத்தார். தாளில் மூன்று கோட்டை அடைத்துக்கொண்டு எழுதியிருந்தார்: "17, 18 இரண்டும் தவறான தகவல். கதையில் செருப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதவும்." அவர்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தப் புகாரைத் தன் கையால் எழுதி, சாட்சி எவருமில்லை என்று முடித்தவர். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். எதுக்குச் சிரிக்கிற என்று அவர் கேட்டார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஏட்டையா என்று சொல்லி முத்திரை குத்தினாள்.

ஒன்றாம் தேதி காலை. பெட்டியோடு கீழே இறங்கினாள். வார நாளில் அங்கே அறை எடுத்துத் தங்குவது, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவது என்று பேச்சு. வீட்டைக் காலி செய்யவில்லை, போன் நம்பரை மாற்றவில்லை. அம்மாமேல் இருந்த கோபமும் முழுதாகப் போகவில்லை. பத்து நாளாக இருவரும் தேவைக்கு மட்டுமே பேசினார்கள். சித்தி மிஷினை நிறுத்திவிட்டு, உங்கம்மாவை நான் பாத்துக்கறேன், புதுசா ஒரு கதை ஆரம்பிச்சிருக்கோம் என்றார்.

நிறுத்தத்தில் நின்று மேலே பார்த்தாள். அம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் வந்தது. அவள் படியில் காலை வைத்துக் காத்திருந்தாள். அம்மாவின் இரண்டு கையும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. போ என்று காட்ட ஒரு கையும் எழவில்லை. கண்டக்டர் ஏறும்மா என்றார். அவள் ஏறி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, போயிட்டு வரேன்" என்று கத்தினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கம்பியில் முகத்தை வைத்து, பஸ் நகரத் தொடங்கும்போது கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வருவ?"

"ஏழு மணிக்கு" என்றாள். பஸ் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று, வலது கையை ஜன்னல் வழியே நீட்டி ஐந்து விரலும், இடது கையில் இரண்டு விரலும் காட்டினாள்.